சுத்தச் சுண்ணாம்பு மண்டபம்

தும்பைக்கோட்டையை ஆண்ட திருமேனிராயருக்கு ஒரு குணம் உண்டு. எதுவானாலும் உயர்ந்தது மட்டும்தான் வேண்டும் என்பார். அதைத் தெரிந்துவைத்துப் பிழைத்தவர் அரண்மனை மணியக்காரர் வெங்களப்பர்.

புது மண்டபத்துக்குச் சுவர் எழுப்பியாயிற்று. பூச்சு வேலை பாக்கி. வெங்களப்பர் மெல்ல அரசர் காதில் போட்டார். மணல் ஊரார் காலில் மிதிபடுவது, எருமை படுத்துப் புரளுவது, அதைப் போய் ராஜாவின் சுவரில் அப்பலாமா என்றார். அரசருக்கு அது சரியாகப் பட்டது. மணல் ஒரு பொடிகூடச் சேரக் கூடாது, சுத்தச் சுண்ணாம்பால் பூசு என்று கொத்தனார் சடையாண்டிக்கு உத்தரவு போட்டார்.

சடையாண்டி தலையைச் சொறிந்தார். மணல் கூடினால் பூச்சு உதிரும், மணலே இல்லாவிட்டால் காயும்போது சுருங்கி வெடிக்கும் என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தார். வெங்களப்பர் அவரைப் பேசவிடவில்லை. உத்தரவுப்படியே கொத்தனார் பூசினார்.

பூசிய அன்று மண்டபம் பால் போல இருந்தது. காயக் காய முதலை முதுகு போல ஆயிற்று. அரசர் முதல்முதலாகக் கொலுவிருந்த அன்று ஒரு பத்தை பெயர்ந்து அவர் தலைப்பாகையிலேயே விழுந்தது.

வெங்களப்பர் முந்திக்கொண்டார். சுத்தமான பொருள் வெடிக்காது, கொத்தன் திருட்டுத்தனமாக மணலைக் கலந்துவிட்டான் என்றார். அரசர் தலையைத் தட்டிக்கொண்டே, கொத்தனாரின் வலக்கைக் கட்டைவிரலை வெட்டச் சொன்னார். கட்டைவிரல் போனால் பூச்சுக் கரண்டி பிடிக்க முடியாது. சடையாண்டியின் வீட்டில் அப்புறம் அடுப்பு எரியாது.

சபை விகடகவி பூவலிங்கத்துக்கு நடந்தது எல்லாம் தெரியும். ஆனால் உத்தரவே தவறு என்று அரசரிடம் சொன்னால் கொத்தனாருக்கு விரல் போகும், தனக்குத் தலை போகும். அவன் எழுந்து கும்பிட்டான். திருட்டைக் கண்டுபிடித்த மணியக்காரருக்கு முதலில் தாம்பூல மரியாதை செய்ய வேண்டாமா என்று கேட்டான். அரசர் சம்மதித்தார். பூவலிங்கமே உள்ளே போய்த் தட்டோடு வந்தான்.

அந்தச் சபையில் அரசர் கையால் தரும் தாம்பூலத்தை அங்கேயே வாயில் போட்டு மெல்ல வேண்டும். மறுத்தால் ராஜ நிந்தனை.

வெங்களப்பர் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார். தட்டில் வெற்றிலை இல்லை, பாக்கு இல்லை. எலுமிச்சங்காய் அளவு சுண்ணாம்பு உருண்டை ஒன்று இருந்தது.

"என்னப்பா இது?"

"சுத்தத் தாம்பூலம், ஐயா. வெற்றிலை சேற்றில் முளைக்கிறது. பாக்கை அணில் கடிக்கிறது. உங்கள் தகுதிக்கு அதெல்லாம் ஆகுமா? எடுத்துவிட்டேன். வாயைத் திறங்கள்."

அரசர் உருண்டையை எடுத்து நீட்டினார். அவருக்கும் வேடிக்கை பார்க்க ஆசை. வெங்களப்பர் பின்வாங்கிக் கும்பிட்டார்.

"மகாராஜா, சுண்ணாம்பைத் தனியாகத் தின்றால் வாய் வெந்துவிடும். வெற்றிலையும் பாக்கும் வேண்டும். சுண்ணாம்பு நகநுனி அளவுதான். அததற்கு ஓர் அளவு இருக்கிறது."

"இதைத்தானே சடையாண்டியும் சொன்னார்" என்றான் பூவலிங்கம். "அவர் சுவரைப் பூசும் முன்பே சொன்னார். நீங்கள் உங்கள் வாய்க்கு வந்த பிறகு சொல்கிறீர்கள்."

சபை அடக்கிக்கொண்டு சிரித்தது. அரசர் சடையாண்டியை விடுவித்து, அவர் கேட்கிற மணலைக் கேட்கிற அளவில் கொடுக்கச் சொன்னார். ஆற்றிலிருந்து அதைச் சுமந்து வரும் பொறுப்பு வெங்களப்பருக்கு.

பிறகு பூவலிங்கத்தைப் பக்கத்தில் அழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"உத்தரவு போட்டது நான்தானே. நல்லவேளை, எனக்கு ஓர் உருண்டை கொண்டுவராமல் விட்டாய்."

பூவலிங்கம் மடியை அவிழ்த்துக் காட்டினான்.

"கொண்டுவந்தேன், மகாராஜா. மணியக்காரர் உண்மையைச் சொல்லிவிட்டதால் இது மிச்சம்."

அரசர் சிரித்த சிரிப்பில் சுவரில் ஒட்டியிருந்த மிச்சப் பூச்சும் விழுந்தது.