பொன்னக்கனியின் ஞானஸ்நானப் பரீட்சை

உப்பளத்தில் கூலி வேலை செய்யும் பொன்னக்கனி ஞானஸ்நானம் கேட்டு வந்தபோது, கோயிலில் வேதம் கற்றுக்கொடுக்கும் உபதேசியார் மரியசவேரி இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை பங்குச்சாமியார் முன்னிலையிலேயே பரீட்சை வைத்தார்.

“பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூணு பேரும் ஒரே கடவுள்தான்னு நம்புறேன் ஐயா” என்றாள்.

“நம்பினால் போதுமா? மூன்று எப்படி ஒன்றாகும்? முழுமையாக விளக்கு! இல்லையென்றால் நடையைக் கட்டு.”

பொன்னக்கனி அசரவில்லை. “ஐயாவுக்கு அது முழுசா விளங்கிருச்சா?”

“ஒரு துளி பாக்கியில்லாமல்!” என்று நெஞ்சை நிமிர்த்தினார் உபதேசியார்.

“அப்போ உங்க கடவுள் உங்க தலைக்குள்ளேயே அடங்கிட்டாரு. எனக்கு அதைவிடப் பெரியவர் வேணும் ஐயா.”

சாமியார் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

“உபதேசியாரே, போய்த் தண்ணீர் கொண்டு வாரும்.”