சத்தமே கிடையாது

என் பெயர் ஐகோர்ட். சிரித்து முடித்துவிட்டீர்களா? எங்கள் குலசாமி ஐகோர்ட் மகாராஜா. அவர் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு பேரை வைத்துக்கொண்டு எவனாவது பொய் சொல்வானா? வயது பத்தொன்பது. பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். இயற்பியல். இப்போது கோவில்பட்டியில் அப்பாவின் பழைய டீசல் காரை வாடகைக்கு ஓட்டுகிறேன்.

அந்த வண்டிக்கு நிரந்தரமான சவாரி ஒன்றே ஒன்றுதான். வத்தல் மண்டி தங்கப்பழம் அண்ணாச்சி. எழுபது வயது. வியாழக்கிழமை தவறாமல் விருதுநகர் போய் வருவார். போன வியாழன் இறங்கும்போது, "தம்பி, உன் வண்டிச் சத்தம் ரொம்பக் கூடுதலா இருக்கு. குறைச்சேன்னா வருசம் பூரா உன் வண்டிதான். இல்லன்னா நான் வேற வண்டி பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். "அவரும் போயிட்டா வண்டிய வித்துருவேன். நீ தீப்பெட்டி ஆபீசுக்குப் போ" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

அண்ணாச்சி சொன்னதிலும் தப்பில்லை. தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரிதான் அந்த வண்டி ரோட்டில் போகும். முன் சீட்டில் இருப்பவர் பின் சீட்டில் இருப்பவருக்கு போன் போட வேண்டும்.

ஆறு நாள் உட்கார்ந்தேன். சீட்டைக் கழற்றினேன், தரைவிரிப்பை உரித்தேன், நாலு கதவையும் பிரித்தேன். ஒரு பக்கம் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும், மறுபக்கம் வெள்ளிக் காகிதம் இருக்கும், சத்தம் தடுக்கிற அந்த ஷீட்டை வாங்கித் தகரம் தெரிகிற இடமெல்லாம் ஒட்டினேன். மேலே ஸ்பாஞ்சு. கதவு ஓரமெல்லாம் புது ரப்பர். ஷீட்டை அழுத்த உருளை இல்லாததால் அம்மாவின் சப்பாத்திக்கட்டையை எடுத்தேன். மறுநாள் சப்பாத்தியில் தார் வாசம். அம்மா போட்ட சத்தத்தைத் தடுக்க மட்டும் எந்த ஷீட்டாலும் முடியவில்லை. கடைசியில் பின் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் பெரிதாக ஒட்டினேன்: 'சத்தமே கிடையாது'.

வியாழக்கிழமை காலை. ஸ்டேஷன் பக்கத்து கார் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினேன். அண்ணாச்சி வர அரை மணி இருந்தது. இருளப்பண்ணனும் செல்வின் அண்ணனும் தங்கள் வண்டியில் சாய்ந்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டு பேரும் எதையும் நம்பாத ஜென்மங்கள்.

"என்னல, ஓடுத வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டியாமே. ஏதும் குறைஞ்சுதா?" என்றார் இருளப்பண்ணன்.

"குறைஞ்சுதாவா? நேத்து திருநெல்வேலிக்கு விட்டேண்ணே. கயத்தாறு தாண்டுததுக்குள்ள டீசல் தீந்து இஞ்சின் நின்னு போச்சு. எனக்குத் தெரியல. வண்டிக்கும் தெரியல. ரெண்டு பேரும் எங்க பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கோம். திருநெல்வேலி பெட்ரோல் பங்குல ஒருத்தர் 'தம்பி, வண்டி ஆஃப்ல இருக்கே'ன்னாரு. அதக் கேட்ட பொறவுதான் வண்டி நின்னுச்சு."

செல்வின் அண்ணனுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. "டீசல் இல்லாம எப்பிடில ஓடும்?"

"தெரியாமத்தான் ஓடுச்சுன்னு சொல்லுதேன்லா? காதுல வாங்குங்கண்ணே. ஒரே விஷயத்த ரெண்டு தடவ சொல்ல நான் என்ன வாத்தியாரா?"

"சரிடே. ஷீட்டு ஒட்டினதுக்கா இவ்வளவு?"

"வெறும் ஷீட்டு இல்ல. மேல்கூரைக்கு இடிச்ச சினிமா தியேட்டர் சுவர்ப்பலகைய வாங்கிப் போட்டேன். நாப்பது வருச விசிலக் குடிச்ச பலகை. அது வேற சத்தம் ஒண்ணையும் மதிக்கவே மதிக்காது. ஒரே ஒரு தொல்லை, வெயில்ல சூடாச்சுன்னா கசியும். முந்தாநேத்து உச்சி வெயில்ல ரயில்வே கேட் பக்கம் நிறுத்தினேன். உள்ள இருந்த விசில் பூரா வெளிய வந்துருச்சு. கேட்கீப்பர் ரயில்தான் வருதுன்னு கேட்டச் சாத்திட்டாரு."

"பொறவு?"

"பொறவு என்ன, ரயில் வந்துச்சு."

"அது எப்பிடில வரும்?"

"கேட்டு சாத்தியிருக்கு, விசிலும் அடிச்சாச்சு. வராம என்ன செய்யும்?"

இருளப்பண்ணன் டீக் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "டே, போதும். அண்ணாச்சி வருத நேரம். இதையெல்லாம் அவருகிட்ட அளந்துராத. கையில இருக்க சவாரியும் போயிரும்."

பயம் வந்தால் எனக்கு வாய் இன்னும் கூடுதலாக ஓடும்.

"இடி கதையக் கேட்டுட்டுப் பேசுங்க. திங்கக்கிழமை சாத்தூர் ரோட்டுல மழை. மின்னல் வெட்டுச்சு. இடி வந்துச்சு, உள்ள நுழைய வழியில்ல. இந்தப் பக்கம் வந்து பாக்கு, அந்தப் பக்கம் போயிப் பாக்கு. மூணு கிலோமீட்டர் கூடவே ஓடி வந்து கண்ணாடியத் தட்டுச்சு. தொப்புதொப்புன்னு நனைஞ்சிருந்துச்சுண்ணே, பாக்கவே பாவமாப் போச்சு. டிக்கியத் திறந்து ஏத்திக்கிட்டேன். இப்பவும் உள்ளதான் கெடக்கு."

செல்வின் அண்ணன் விறுவிறுவென்று போய் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி, ஜாக்கி, அழுக்குத் துணி. "எங்கல இடி?"

"ஏதாவது சத்தம் கேக்கா?"

"இல்ல."

"அவ்வளவு நல்லா ஒட்டியிருக்கேன்."

அவர் என்னை அடிக்கக் கை ஓங்கியபோது தங்கப்பழம் அண்ணாச்சி குடையோடு வந்து நின்றார். "என்ன தம்பி, சத்தத்தக் குறைச்சிட்டியா?"

"குறைச்சாச்சு அண்ணாச்சி. ஏறி உக்காந்து கதவச் சாத்திப் பாருங்க."

ஏறினார். கதவைச் சாத்தினார். புது ரப்பர் 'ப்ஸ்' என்று உட்கார்ந்தது. உள்ளே இருந்தபடி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, ஒரு எழுத்துக்கூட வெளியே வரவில்லை.

"என்னல சொல்லுதாரு?" என்றார் செல்வின் அண்ணன்.

"பாராட்டுதாரு" என்று சொல்லிவிட்டு நான் தலையாட்டினேன். அவர் இன்னும் ஏதோ சொல்லி விரலைக் காட்டினார். அதற்கும் ஆட்டினேன். மூன்றாவது தடவை சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே நல்லா ஆட்டினேன்.

கண்ணாடி இறங்கியது. "நல்ல பிள்ளைப்பா நீ. பேரமே பேசல. அப்ப பாதி. வருசம் பூரா பாதிதான், பேச்சு மாறக் கூடாது."

"பாதியா? முழுசாவே எடுத்துட்டேன் அண்ணாச்சி! பின்னாடி எழுதியே ஒட்டியிருக்கேன் பாருங்க!"

அண்ணாச்சி இறங்கிப் பின்னால் போய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "சத்தமே கிடையாது." இன்னொரு தடவை படித்தார். "ஏன் தம்பி, ஓசியிலயா ஓட்டப்போற? உங்க அப்பனுக்குத் தெரியுமா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருளப்பண்ணனுக்கு விளங்கிவிட்டது. தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏ கூறுகெட்டவனே! அந்தக் காலத்து ஏவாரிங்க வண்டி வாடகையத்தாம்ல சத்தம்னு சொல்லுவாங்க. வாடகை கூடுதலா இருக்குன்னு சொன்ன மனுசனுக்கு நீ ஆறு நாளா ஷீட்டு ஒட்டியிருக்க!"

அண்ணாச்சி குடையை என் கையில் கொடுத்தார். "முழுசும் வேண்டாம்பா, பாவம். தலையாட்டின வரைக்கும் போதும். வண்டிய எடு." முன் சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டார். வருசம் பூராவும் என் வண்டிதான். அப்பா விற்க மாட்டார். வாடகை பாதி என்று தெரிந்தால் என்ன செய்வார் என்பதைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சாவியைத் திருகினேன்.

செல்வின் அண்ணன் என் பக்க ஜன்னலில் குனிந்தார்.

"எல ஐகோர்ட்டு, இப்பத்தாம்ல நெசமாவே வண்டிச் சத்தம் குறைஞ்சிருக்கு."

கண்ணாடியை ஏற்றினேன். வெளியே ரெண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். குலசாமி மேல் ஆணை, ஒரு துளிகூட உள்ளே கேட்கவில்லை.