உதை போன இடம்

"டீச்சர், என் ரைஃபிள்ல யாரோ கை வைக்கிறாங்க."

குவாரிக்குள் நுழைந்ததும் சுருளிவேல் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ரெஜினா டீச்சர் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கைவிடப்பட்ட அந்தக் கல்குவாரியில் துப்பாக்கி சுடக் கற்றுத்தருகிற அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். சுருளிவேலுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் ஏலமலையில் பன்றி சுட அனுமதி வாங்கியவர்கள் யாரும் டீச்சர் முன்னால் உட்கார்ந்து பேசுவதில்லை.

"யாரு?"

சுருளிவேல் திரும்பி குவாரி வாசலைப் பார்த்தான்.

அங்கே பவுன்ராசு இவர்களுக்கு முதுகு காட்டி, ஜீப்பில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். சுருளிவேலின் மனைவிக்கு அண்ணன். ஏலத்தோட்டக் காவலில் பன்றி வருகிற சத்தம் கேட்டுச் சொல்வது அவன். சுடுவது இவன்.

"உங்க மச்சானா?"

"மெதுவாப் பேசுங்க டீச்சர். அவனுக்குக் காது ரொம்பக் கூர்மை."

டீச்சர் ரைஃபிளை வாங்கிப் பார்த்தார். குழல் முனையில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புக் கூடு திருகியிருந்தது. இரண்டு பக்கமும் ஓட்டைகள். நுனியில் எண்கள் வெட்டிய வளையம்.

"பிரேக் புதுசா?"

"இந்த மழைக்கு முன்னாடி வாங்கினது. வெடிக்கிற புகையைப் பக்கவாட்டுல திருப்பிவிட்டுரும், தோள்ல உதை குறையும்னான் கடைக்காரன். வளையத்தைச் சரியான நம்பர்ல வச்சா குறியும் தப்பாதாம். எனக்கு அஞ்சு."

"சரி."

"அஞ்சுல வச்சுட்டுக் காவலுக்குப் போறேன். சுட்டு முடிச்சுப் பார்த்தா ஏழுல நிக்குது. பக்கத்துல அவனைத் தவிர யாரு இருக்கா?"

"வேற?"

"பன்றி வருதா மச்சான்னு கேட்டா பதிலே சொல்றதில்ல. காதுல விழாத மாதிரி காட்டையே பார்த்துக்கிட்டு இருக்கான். போன வாரம் ஒண்ணு காலில் அடிபட்டு ஓடிருச்சு. இன்னொண்ணு அப்படி ஓடினா என் அனுமதியைப் பிடுங்கிருவாங்க. அது யாருக்குப் போகும்? அவனுக்குத்தானே?"

"அவரு கேட்டாரா?"

"கேட்பானா? கள்ளன்."

டீச்சர் ஒரு கடலையை வாயில் போட்டார்.

"நாளைக்குப் பஞ்சாயத்துல சொல்லிட்டு வேற ஆளை வச்சுக்கப் போறேன். வீட்டுலகூடச் சொல்லல."

"எப்பத்திலிருந்து கூட வர்றாரு?"

"கவண்ல கிளி விரட்டின வயசுலயிருந்து."

டீச்சர் பையைத் திறந்து சிவப்பு நெயில் பாலிஷ் ஒன்றை எடுத்தார். வளையத்தை ஐந்தில் வைத்தார். கூட்டிலும் வளையத்திலுமாகச் சேர்த்து ஒரே கோடு இழுத்தார். காயும்வரை ஊதினார்.

"சுடுங்க. நான் சொல்றவரைக்கும்."

சுருளிவேல் சுட்டான். எதிரே மண்மேட்டில் நிறுத்தியிருந்த அட்டை ஆடிக்கொண்டே இருந்தது.

"போதும். கோட்டைப் பாருங்க."

கோடு இரண்டாக முறிந்து நின்றது. வளையம் ஏழில் இருந்தது.

சுருளிவேல் சட்டென்று வாசலைப் பார்த்தான். பவுன்ராசு நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"வெடி அதிர்ச்சியில அதுவாச் சுத்துது. இந்தப் பூட்டுத் திருகை முடுக்கினீங்களா?"

"அப்படி ஒண்ணு இருக்கா?"

டீச்சர் வளையத்தின் ஓரத்திலிருந்த சின்னத் திருகை விரலால் காட்டினார்.

"சரி, அது போகட்டும். இப்ப அஞ்சுல முடுக்கிட்டா எனக்குக் குறி தப்பாதுல்ல?"

டீச்சர் துண்டைப் போட்டு வளையத்தை மறைத்து, உள்ளே கைவிட்டுத் திருப்பி முடுக்கினார். சுடச் சொன்னார். புது அட்டை மாட்டி, மறுபடி திருப்பி முடுக்கி, மறுபடி சுடச் சொன்னார். இரண்டு அட்டைகளையும் கொண்டுவந்து அவன் முன்னால் பிடித்தார்.

"ஒண்ணு அஞ்சு. ஒண்ணு ஏழு. எது உங்க அஞ்சு?"

சுருளிவேல் துளைகள் நெருக்கமாக இருந்த அட்டையைத் தொட்டான்.

"அது ஏழு."

"அட்டையை மாத்திட்டீங்க டீச்சர்."

"அப்ப நானும் உங்க மச்சான் ஆளா?"

அடுத்த தடவை சுருளிவேலே போய் அட்டைகளைக் கழற்றிவந்தான். இந்த முறை ஐந்து நன்றாக இருந்தது. அதற்கடுத்த முறை இரண்டுமே மோசம்.

"நம்பர்ல ஒண்ணுமில்லையா, அப்ப?"

"உங்க கையில என்ன இருக்கோ அதுதான் அட்டையில இருக்கு. உதை குறைஞ்சிருக்கா?"

"அது நிஜம்." சுருளிவேலின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "முன்னெல்லாம் காவலுக்குப் போய்வந்தா தோள்பட்டை கன்னிப்போயிடும். அவன்தான் தைலம் போட்டு நீவிவிடுவான். இப்ப சும்மா தட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கு."

"குறைஞ்ச உதை எங்க போச்சு?"

சுருளிவேல் டீச்சரை ஏற இறங்கப் பார்த்தான். இதிலும் ஏதோ சூது இருக்கிறது.

"எங்க போகும்? கரைஞ்சு போயிருக்கும்."

டீச்சர் ரைஃபிளை எடுத்துக்கொண்டு போய்க் குப்புறப் படுத்தார்.

"காவல்ல பவுன்ராசு எந்தப் பக்கம் உட்காருவாரு?"

"எனக்கு வலது பக்கம். கொஞ்சம் முன்னால. காட்டைப் பார்த்து."

"அங்க உட்காருங்க."

உட்கார்ந்தான். குவாரியில் சுடும்போது போடுகிற காதுமூடியில் கை வைத்தான்.

"இதைக் கழட்டிரவா டீச்சர்? அவன் போடமாட்டான். ரெண்டு பேரும் காதை மூடிக்கிட்டா பன்றி வர்றது யாருக்குக் கேட்கும்? நான் மட்டும் பஞ்சு வச்சுக்குவேன்."

"கழட்டாதீங்க. நல்லா அழுத்திப் போடுங்க."

டீச்சர் சுட்டார்.

இடது கன்னத்தில் யாரோ ஓங்கி அறைந்தது போலிருந்தது. தரையிலிருந்து மண் எழும்பி முகத்தில் அடித்தது. தொப்பி பறந்துபோய் விழுந்தது. அவ்வளவு அழுத்தி மூடியும் காதுக்குள் ஒரு வண்டு ரீங்கரித்தது.

"இன்னொண்ணு?"

சுருளிவேல் வேண்டாமென்று கையை ஆட்டினான்.

டீச்சர் எழுந்தார். தோட்டாக்களை எடுத்துவிட்டு ரைஃபிளை அவன் மடியில் வைத்தார். கடலை இருந்த இடத்துக்குப் போய்விட்டார்.

சுருளிவேல் அங்கேயே உட்கார்ந்திருந்தான். இடது கன்னம் எரிந்தது. இடது காதைத் தடவினான். பிறகு டீச்சர் படுத்துச் சுட்ட இடத்தை, காவலில் தான் படுக்கிற பக்கத்தை, திரும்பிப் பார்த்தான். அதுவும் இடது பக்கம்தான் இருந்தது. பன்றி வருதா மச்சான் என்று அங்கிருந்துதான் கேட்பான்.

ரைஃபிளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

பவுன்ராசுவின் இடது தோளுக்குப் பின்னால் போய் நின்றான்.

"மச்சான்."

பீடிப் புகை மேலே போயிற்று.

"மச்சான்."

பவுன்ராசு சாம்பலைத் தட்டினான். காட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சுருளிவேல் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தான். இன்னும் மெதுவாகக் கூப்பிட்டான்.

"மச்சான்."

"வந்துட்டியா மாப்ள?" பவுன்ராசு உடனே திரும்பினான். "டீச்சர் என்ன சொன்னாங்க? எந்த நம்பராம்?"

சுருளிவேல் ஜீப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். ஜீப்பின் படியில் உட்கார்ந்தான். காலி ரைஃபிளை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, ஸ்பேனர் போட்டுத் திருகினான். இரும்புக் கூடு கழன்று கையோடு வந்தது.

பவுன்ராசு பீடியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தான்.

"அட, அதை எதுக்குக் கழட்டுற? உனக்குத் தோள் வலிக்குமே மாப்ள."