பெட்டிக்கு ஒரு வழியனுப்பு விழா

மண்டையூரணியில் ஒரு ஜெர்மன் பயிற்சி நிலையம் இருந்தது. ஜெர்மன் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை, அது ஒன்றுதான் குறை. மற்றபடி முதல்வர் சங்கரபாகம் அண்ணாச்சியும், வாத்தியார்கள் மாசானம், சேர்மக்கனி இருவரும் மகா கெட்டிக்காரர்கள்.

நர்ஸ் ஜெபராணி அங்கே போய்த்தான் மாட்டினாள். ஜெர்மனி ஆஸ்பத்திரியில் வேலை கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டது. வீடியோ இன்டர்வியூவில் நாலு வார்த்தை ஜெர்மன் பேசிவிட்டால் போதும்.

அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனிக்காரர் ஜெர்மன் பேசும் இரண்டு டேப்லெட் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். "வகுப்புக்குள்ள ஜெர்மன் தவிர ஒரு வார்த்தை காதுல விழக்கூடாது. இந்தப் பெட்டி பேசும்போது யாரும் குறுக்கே பேசாதீங்க. அது கேள்வி கேட்கும், கேட்டா பதிலும் சொல்லும். சரியான பதில் வந்தா பச்சை எரியும்," என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று பாவம் அவருக்குத் தெரியாது.

மறுநாள் வகுப்பில் மயான அமைதி. வாத்தியாருக்கும் ஜெர்மன் தெரியாது, மாணவிக்கும் தெரியாது, யார் வாயைத் திறப்பது? மின்விசிறியிலிருந்து தீப்பொறி விழுந்தது. ஜெர்மனில் தீயை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாசானம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலரில் தீப்பிடித்த பிறகுதான் வாசலுக்கு வெளியே ஓடிப்போய், முறைப்படி தமிழில் அலறினார்.

பெட்டி கேள்வி கேட்டது. பதில் இல்லை, சிவப்பு எரிந்தது. அண்ணாச்சியும் வாத்தியார்கள் இருவரும் வராந்தாவில் கூடினார்கள்.

"ஜெபராணி சொல்லட்டுமே அண்ணாச்சி," என்றார் மாசானம்.

"தெரியாத பிள்ளைகிட்ட பதில் கேக்கது பாவம்லா வே. தெரிஞ்சவங்கதான் சொல்லணும்," என்றார் அண்ணாச்சி.

"நம்ம ஊர்ல ஜெர்மன் தெரிஞ்சது யாரு?"

சேர்மக்கனி நெடுநேரம் யோசித்தார். "இன்னொரு பெட்டி!"

அடடா, என்ன மூளை! இரண்டு பெட்டியையும் எதிரெதிரே வைத்தார்கள். ஒன்று கேட்டது, மற்றது பதில் சொன்னது. பச்சையோ பச்சை!

"நான் எப்ப சார் பேசுறது?" ஜெபராணி வராந்தாவில் அழாத குறையாகக் கேட்டாள். "இந்த வேலையத்தான் மலைபோல நம்பியிருக்கேன்."

"ரெண்டு பேர் பேசும்போது குறுக்க பேசலாமா தாயி? எல்லாம் பச்சைதான், பயப்படாத," என்றார் அண்ணாச்சி.

இன்டர்வியூ நாளும் வந்தது. திரையில் ஒரு ஜெர்மன்காரம்மா பெயரைக் கேட்டார். ஜெபராணி வாயைத் திறந்தாள். மாசானம் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார், சேர்மக்கனி பெட்டியை முன்னால் நிறுத்தினார். பெட்டி பொளந்து கட்டியது. அந்தம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பேசியது யாரோ, அவரையே வேலைக்கு அனுப்புங்கள்!" என்று இங்கிலீஷில் வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரையை அணைத்தார்.

உத்தரவு உத்தரவுதானே! பந்தல் போட்டார்கள், மேளம் வைத்தார்கள். பெட்டிக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, அங்கே குளிருமென்று ஸ்வெட்டரும் மாட்டிக் காரில் ஏற்றினார்கள்.

ஜெபராணிக்குப் பொறுக்கவில்லை. "ஊசி போடப்போறது யாருய்யா? இந்தப் பெட்டியா?"

மூவரும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"கேக்கது நியாயம்தான் வே. கை கிடையாதுல்லா. சார்ஜ் போடவாவது ஒரு துணை வேணும்," என்றார் அண்ணாச்சி.

"நான் போறேன் சார்!"

அண்ணாச்சி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "உனக்குத்தான் ஜெர்மன் தெரியாதே தாயி. அங்க போயி பிளக் எங்க இருக்குன்னு எப்படிக் கேப்ப?"

அதனால் துணைக்கு இரண்டாவது பெட்டியையும் ஏற்றினார்கள். கார் புறப்பட்டது. ஜெபராணி தலையில் கைவைத்து நின்றாள்.

"சும்மா நிக்காத, கையசைச்சு வழியனுப்பு," என்றார் மாசானம். "ஜெர்மன்ல அசை. தமிழ்ல அசைச்சா அதுகளுக்குப் புரியாது."