சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்

சங்ககிரியில் பழைய பிக்கப் வண்டி விற்கும் செங்கோட்டுவேலுவுக்கு, டீசல் இன்ஜினைப் பற்றித் தன்னைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது என்று நினைப்பு. இளநீர் லோடு அடிக்க வண்டி பார்க்க வந்த பாவாயி, "இந்த மூணுல எந்த இன்ஜினுங்க நம்பி ஓட்டலாம்?" என்று கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பானெட்டைத் திறக்கக் கூடாது, சாவியைத் தொடக் கூடாது. நீயே பார்த்துச் சொல்லு. சரியாச் சொன்னா நீ கேக்குற விலைக்கே தர்றேன். தப்பாச் சொன்னா, நான் காட்டுற வண்டியை வாயைத் திறக்காம எடுத்துட்டுப் போயிரணும்."

மெக்கானிக்குகள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். பாவாயி வண்டிகளின் பக்கத்தில்கூடப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டினாள்.

"செவுத்தைப் பார்த்து நிக்குதே, அந்த வெள்ளை வண்டிங்க."

"அதுல பெயிண்டெல்லாம் உரிஞ்சு கிடக்குதேம்மா! இந்த ரெண்டும் புதுசாட்டம் மின்னுது. இதுக்கு என்ன குறைச்சல்?"

"ரெண்டையும் இறக்கத்துல நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னால கல்லு வெச்சிருக்கீங்க. உருட்டிவிட்டாத்தான் ஸ்டார்ட் ஆகுமாட்ட இருக்குதுங்க. இல்லைன்னா, கல்லை எடுக்காம ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க."

செங்கோட்டுவேலு பையிலிருந்து எடுத்த ஒரே சாவி வெள்ளை வண்டியுடையது. பாவாயி தான் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, அதை ஒரே திருப்பில் ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸ் எடுத்துக் கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கே அவர், இனிமேல் எல்லா வண்டியையும் சமதரையில்தான் நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்த இரண்டு வண்டிகளும் இன்னும் அதே சமதரையில்தான் நிற்கின்றன.