மயிலா, சேவலா? குருவம்மாள் டிராக்டர் எடுத்த கதை

விடை தெரிந்தவர்கள் கடைசிவரை வாயைத் திறக்கக் கூடாது. தெரியாதவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதைக்கு அவ்வளவுதான் நிபந்தனை.

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டு ஊர். அங்கே குருவம்மாள் என்று ஒரு சம்சாரி, விவசாயம் பார்க்கிறவள். புருசன் மாடக்கண்ணு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அதனால் நிலம் அவள் பொறுப்பு. மழையை நம்பிய நிலம். கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழை பெய்ததும் காலை வைத்தால் உளைச் சேறு, சில நாள் விட்டுப் போனால் பாறை. நடுவில் ஒரு பதம் வரும் பாருங்கள், அதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். போன வருசம் வாடகை டிராக்டருக்குச் சொல்லிவைத்தாள். இதோ வாரேன், அதோ வாரேன் என்று அவன் வந்து சேர்ந்தபோது மண் வெடித்து வாயைப் பிளந்து கிடந்தது. வருசம் முழுக்கத் தரிசு.

மாடக்கண்ணு கறாராகச் சொல்லிவிட்டான். "சொந்த வண்டி எடுப்போம். இந்தத் தடவையும் தரிசு விழுந்தா நிலத்தை வித்துட்டுத் திருப்பூருக்குக் கிளம்பிர வேண்டியதுதான். எந்த வண்டின்னு நீயே பாத்து எடு. ஓட்டப் போறவ நீதான?"

சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டான், மகராசன். லாரிக்காரன் அல்லவா, பாரத்தை எங்கே இறக்குவது என்று தெரிந்திருக்கிறது!

அன்றிலிருந்து குருவம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மேகம் கூடினால் ஊரே வானத்தைப் பார்த்துச் சிரிக்கும், இவள் மட்டும் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடப்பாள். தப்பான வண்டியை எடுத்து, அது பதம் வந்த நேரம் பார்த்துப் படுத்துக்கொண்டால்? பிறந்ததிலிருந்து மிதித்த மண் கையை விட்டுப் போய்விடுமே!

டவுனில் இரண்டு கடைகள். ஒன்று மயில் மார்க், இன்னொன்று சேவல் மார்க். அண்ணன் சீனிப்பாண்டி மயில் கட்சி, கொழுந்தன் சுடலைமணி சேவல் கட்சி.

முதலில் அண்ணனோடு கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே போனாள். வழியில் ஒரு வீட்டை ஒட்டி, வேப்பமரத்தடியில் ஒரு மயில் டிராக்டர் நின்றது. பெயிண்ட் கூட மங்கவில்லை. முன்சக்கரத்தில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள், மேலே பூசணிக்கொடி ஏறிக் காய்த்திருந்தது. ‘யாத்தே, எவ்வளவு பெரிய காய்!’ என்று நினைத்தாள். அதற்குள் மறுபடி மழை நினைப்பு வந்துவிட்டது.

மயில் கடையில் தரையைக் குனிந்து பார்த்தால் முகம் தெரிந்தது. மேனேஜர் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தார், பின்பக்கத்து ஒர்க்ஷாப்பையும் காட்டினார். பொட்டு எண்ணெய்க் கறை இல்லை. ஒரு வண்டியும் இல்லை. மெக்கானிக் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா தங்கச்சி? ரிப்பேர்னு ஒரு வண்டி வரலை. அப்ப எப்பேர்ப்பட்ட வண்டின்னு பாத்துக்கோ" என்றான் அண்ணன்.

"கெட்டுப்போனா மாத்தச் சாமான் ஏதும் வேணும்னா?" என்று மேனேஜரைக் கேட்டாள்.

"தேவைப்படாதும்மா. பட்டாலும் போன் போட்டா கம்பெனியிலருந்து வந்துரும்."

"எப்ப வரும்?"

"வந்துரும்மா."

அடுத்து சேவல் கடை. அண்ணனும் கூடவே வந்தான். கொழுந்தன் வாசலில் காத்திருந்தான். ஐயையோ, அந்தக் கோலத்தை என்ன சொல்ல! வயிற்றைத் திறந்துபோட்டபடி வரிசையாக டிராக்டர்கள். கால் வைக்க இடமில்லை, புதுச் சேலையில் கிரீஸ் அப்பிக்கொண்டது. ஒவ்வொன்றும் டயர் மொட்டையாகி, பெயிண்ட் உரிந்து நின்றது. ஒரு வண்டியின் மட்கார்டில் மகன் பெயர் எழுதி, அதற்குக் கீழே பேரன் பெயரும் எழுதியிருந்தது. முதலாளி ஆரோக்கியம் யாரிடமோ காட்டுக்கத்தல் கத்திக்கொண்டிருந்தார். ஒரு விவசாயி கெட்டுப்போன பம்பைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். குருவம்மாளின் டீ ஆறுவதற்குள் வேறு பம்போடு போய்விட்டார்.

"என்ன தம்பி, இத்தனை வண்டி படுத்துக் கிடக்கு?" என்றாள் கொழுந்தனிடம்.

"பொய் சொல்ல மாட்டேன் மதினி. நானும் ஓட்டுதேன்ல, எப்பவாவது மக்கர் பண்ணத்தான் செய்யும்."

அண்ணனுக்கு இது போதாதா? "கேட்டியா, அவன் வாயாலயே சொல்லிட்டான்! காசு கொடுத்து நோயாளிய வாங்குவாங்களா?"

ஊருக்குத் திரும்பும்போது கிழக்கே மேகம் கருக்கல் கட்டியிருந்தது. இன்னும் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. பஸ் அந்த வேப்பமரத்தைத் தாண்டியது. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். மரம் கண்ணுக்கு மறைந்த பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது. மறுநாள் காலையில் போய் வண்டியை எடுத்துவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள். குருவம்மாள் எடுத்தது மயிலா, சேவலா? அண்ணன், கொழுந்தன், இந்த இருவரில் யார் பேச்சைக் கேட்பது சரி?

விடை: சேவல். கொழுந்தன் பேச்சுதான் சரி. மயில் வண்டியும் கெடத்தான் செய்கிறது. சாமான் கிடைக்காத கடைக்கு அதை இழுத்துக்கொண்டு போய் என்ன செய்வது? அதனால்தான் ஒர்க்ஷாப் துடைத்துவிட்டாற்போல் இருந்தது, பெயிண்ட் மங்காத வண்டி வேப்பமரத்தடியில் பூசணி காய்த்தது. சேவல் கடையில் கிடந்தவை பேரன் காலம்வரை உழைத்த வண்டிகள், நாளைக்கே எழுந்து வேலைக்குப் போகிறவை. மழை பெய்தது, பதம் வந்தது. பாதிக் காடு உழுதிருக்கும்போது கொழுந்தன் சொன்னபடியே சேவல் நின்றுவிட்டது! குருவம்மாளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. போன் போட்டாள். ஆரோக்கியத்தின் ஆள் சாமானோடு பைக்கில் வந்து இறங்கினான், பொழுது சாய்வதற்குள் வண்டி உழுதது. இன்று அந்த நிலத்தில் உளுந்து காய்த்து நிற்கிறது, மாடக்கண்ணு திருப்பூர்ப் பேச்சையே எடுப்பதில்லை. அண்ணன் மட்டும் பார்க்கும்போதெல்லாம், "உன் வண்டி நடுக்காட்டுல நின்னுருச்சாமே?" என்பான்.

"நின்னுச்சுண்ணே," என்பாள் குருவம்மாள். "மண்ணு காயிறதுக்குள்ள கிளம்பிருச்சு."