இடம்விட்ட பூவாயி

காட்டில் ஒரு கரடி கலங்கிய குட்டையில் தண்ணீர் குடித்தது. தண்ணீரோடு சுருளன் என்ற கிருமியும் அதன் இரைப்பைக்குள் போய்ச் சேர்ந்தான்.

இரைப்பைச் சுவரில் உயிரணுக்கள் தோளோடு தோள் நின்று, சுவருக்குப் பசை பூசிக் காக்கும் வேலை செய்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வயதானவள் தானாக உதிர்ந்து விலகுவாள். அந்த இடத்துக்கு அவள் மகள் வருவாள். அதனால்தான் சுவர் என்றும் புதிதாக இருந்தது.

பூவாயி என்ற உயிரணுவுக்கு உதிரும் முறை நெருங்கியிருந்தது. பின்னால் மகள் செவந்தி காத்திருந்தாள்.

சுருளன் சுவரில் திருகி ஒட்டிக்கொண்டு நஞ்சைக் கக்கினான். இளசுகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அந்த இடங்களை நிரப்ப மற்றவர்கள் அவசரமாகப் பிள்ளை பெற்றார்கள். அரைகுறையாய்ப் பிறந்த பிள்ளைகளுக்கு வேலை தெரியவில்லை. சுவர் புண்ணாகி, இரையைக் கரைக்கும் புளிநீர் பட்டு எரிந்தது.

சுருளன் பூவாயியிடம் வந்தான். "அக்கா, இந்த நேரத்தில் போகலாமா? உங்களை விட்டால் இங்கே யார் இருக்கிறார்கள்?"

பூவாயிக்கு அது இனித்தது. போக யாருக்குத்தான் மனம் வரும்?

"இருந்துக்கோம்மா," என்றாள் செவந்தி. "நான் பின்னால எங்கயாவது ஒண்டிக்கிறேன்."

பூவாயி திரும்பிப் பார்த்தாள். நெரிசலில் மகள் நசுங்கிப்போயிருந்தாள். பக்கத்துக் காத்தாயியும் இப்படித்தான் போகமாட்டேன் என்று தங்கியவள். வேலையை விட்டுவிட்டுப் பெற்றுப் பெற்றுக் குவித்தாள். இப்போது அந்த இடம் கட்டியாக வீங்கிக்கிடந்தது.

"என்னைப் புகழ்கிறாயே தம்பி, எங்கள் பிள்ளைகளைக் கொன்றது யார்?"

"அது வேறு கதை அக்கா."

"அதுதான்டா கதை." பூவாயி எல்லாரையும் அழைத்தாள். "தனித்தனியாகப் பல்லைக் கடித்தது போதும். சேர்ந்து கத்துங்கள். கரடிக்குக் கேட்கட்டும்!"

கத்தினார்கள். வெளியே கரடி வயிற்றைத் தடவிக்கொண்டு உருண்டது.

"தடவினால் போகுமா மாமா?" என்றது அந்த வழியாக வந்த முள்ளம்பன்றி. "இந்த மரப்பட்டையைத் தின்னுங்கள். வலி நின்றதும் விட்டுவிடாதீர்கள். கிருமி சாகும்வரை தின்னுங்கள்."

"கசக்குமே."

"இனிப்பாகவா இருக்கும்?"

கரடி முகத்தைச் சுளித்துக்கொண்டே விடாமல் தின்றது. சுருளன் துடித்துச் செத்தான். காத்தாயியின் கட்டி அதற்குமேல் வளரவில்லை.

பூவாயி மகளின் கன்னத்தைத் தடவினாள். "இந்தப் பக்கம் புளிநீர் அதிகம் தெறிக்கும் கண்ணு. பசையைக் கனமாகப் பூசிக்கோ."

மெல்லப் பிடியை விட்டாள். தாயின் சூடு ஆறாத இடத்தில் செவந்தி போய் நின்றாள்.

இளையவர்களை அழிக்கிறவன்தான் மூத்தவர்களைப் போகாதே என்று கெஞ்சுவான். அவனைத் துரத்திவிட்டு, நேரம் வந்ததும் இடம்விடுவதே பெருமை.